சத்தம் போடாமல் சூடு தணிய

என் பிழைப்பு அடுத்தவர் குரலில் ஓடுகிறது. ஒலிப்புத்தகம், விளம்பரம், பாடநூல் வாசிப்பு என்று யாரோ பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வடபழனியில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுக்கிறேன். பதிவில் ஆட்டோ ஹாரன் விழுந்திருக்கும், பக்கத்து வீட்டு மிக்ஸி விழுந்திருக்கும். அதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. அந்த ஒரு வரியை மறுபடி வாசித்து அனுப்பச் சொன்னால் முடிந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குரலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே வரும் சத்தம்தான் தலைவலி. பெரும்பாலும் அது பேசுகிறவரின் மேஜைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டரின் ஃபேன். சாஃப்ட்வேர் போட்டு அதைத் துடைத்தால் குரலும் சேர்ந்து தேய்கிறது. 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிப் போகின்றன.

அதனால் சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே அடக்கப் பழகிக்கொண்டேன். இப்போது தெரிந்தவர்களுக்குப் பாகம் பாகமாக வாங்கி, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கடைசியாகச் செய்தது எங்கள் கீழ் வீட்டு அக்காவுக்கு. டப்பிங் கலைஞர். வீட்டிலேயே ஓர் அறையில் கனமான திரைச்சீலை கட்டி மைக் வைத்திருக்கிறார். "ஏம்மா, ரெக்கார்டிங்னா ஏசிய நிறுத்துறேன், சீலிங் ஃபேன நிறுத்துறேன், வேர்த்து ஊத்துது. இந்தப் பெட்டிய மட்டும் எப்படிம்மா நிறுத்துறது?" என்று கேட்டார்.

நிறுத்த வேண்டியதில்லை. மைக்கில் விழாத அளவுக்கு இறக்கிவிடலாம். அதற்கு விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை, ஒரு கணக்கு புரிந்தால் போதும். மெதுவாக வரும் காற்றே பெரும்பாலான சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு மேல் குறைக்கிற ஒவ்வொரு டிகிரிக்கும் காதுதான் விலை கொடுக்கிறது. அக்காவின் பெட்டியை வைத்தே இதைச் சொல்கிறேன்.

250 வாட் எங்கே போகிறது?

அக்காவின் கம்ப்யூட்டரில் இருப்பது ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசஸர். அட்டையில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழுப் பளுவில் 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. மகன் வீடியோ எடிட்டிங் செய்கிறான் என்பதால் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. அது 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் தனக்குள் வீணாக்குவது எல்லாவற்றையும் சேர்த்தால், அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சுமுட்ட ஓடும்போது ஏறக்குறைய 250 வாட் வரும்.

கம்ப்யூட்டர் தண்ணீர் இறைப்பதில்லை, மாவரைப்பதில்லை. சுவரிலிருந்து எடுத்த மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வந்து சேர்கிறது. எந்தக் கூலரும் அந்தச் சூட்டை அழிப்பதில்லை. சில்லிலிருந்து உலோகத்துக்கு, உலோகத்திலிருந்து காற்றுக்கு, காற்றோடு அறைக்கு என்று இடம் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளும்; அதில் பதினான்கில் ஒரு பங்கை இந்தப் பெட்டி மட்டும் தின்றுவிடும். கதவு ஜன்னல் எல்லாம் மூடிய, ஏசி இல்லாத சின்ன அறையில் ஃபேன் ஏன் போகப் போக வேகமெடுக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். தான் வெளியே தள்ளிய சூட்டையே பெட்டி மறுபடி உள்ளே இழுக்கிறது.

250 வாட்டைச் சுமந்துகொண்டு வெளியேறும் காற்று, உள்ளே வந்தபோது இருந்ததைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடாகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வினாடிக்குச் சுமார் 22 லிட்டர் காற்று வேண்டும். காற்றை இரண்டு மடங்காக்கினால், அதாவது 44 லிட்டர் ஆக்கினால், அந்த 10 டிகிரி 5 ஆகும். மறுபடி இரண்டு மடங்காக்கி 88 லிட்டருக்குப் போனால் இரண்டரை ஆகும். முதல் 22 லிட்டர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே ஓடாது. கடைசியாகச் சேர்த்த 44 லிட்டரால் கிடைத்தது வெறும் இரண்டரை டிகிரி.

காதின் கணக்கு வேறு

அந்த இரண்டரை டிகிரிக்குக் காது என்ன கொடுக்கிறது என்று பார்ப்போம். ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே இரண்டு மடங்கு சத்தம் என்று நம் காது சொல்லும். 15 என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதையே திருப்பிப் போட்டால் நமக்கு லாபம். 1,200 சுற்றில் ஓடும் ஒரு ஃபேனுக்குப் பதில், அதே ரகத்தில் இரண்டை 600 சுற்றில் ஓடவிடுங்கள். வேகம் பாதியானதால் 15 டெசிபல் இறங்கும். ஃபேன் இரண்டானதால் 3 டெசிபல் ஏறும். கூட்டிக் கழித்தால் 12 டெசிபல் மிச்சம், காற்றின் அளவு ஏறக்குறைய அதேதான். பெரிய ஃபேன் நல்லது என்பதும் இதே காரணத்தால்தான். 140 மில்லிமீட்டர் ஃபேன் அதே காற்றை 120 மில்லிமீட்டர் ஃபேனைவிட மெதுவாகச் சுற்றியே கொண்டுவந்துவிடும்.

எத்தனை டெசிபல் என்பதோடு, எப்படிப்பட்ட சத்தம் என்பதும் முக்கியம். ஒரே சீராக வரும் 'ஸ்ஸ்' ஓசையைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஒரே சுருதியில் ரீங்காரமிடும் சத்தத்தை மறக்காது. ஒன்பது இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், இறக்கைகள் ஒரே இடத்தை வினாடிக்கு 150 தடவை கடக்கும். அந்த இடத்தில் தகட்டில் துளைபோட்ட கிரில் ஒட்டி இருந்தால் 150 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் கிளம்பும். ஆண்குரலின் அடிநாதம் வருகிற பகுதி அது. மைக்கில் விழுந்தால் அதைப் பிரித்தெடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும்விட மோசம் ஏறி இறங்கும் சத்தம்: சும்மா இருந்த ஃபேன் திடீரென்று சீறிவிட்டு அடங்குவது. எத்தனை தடவை கேட்டாலும் காதுக்கு அது பழகாது.

ரிச்சி தெருவில் கண்ணாடிக்கு மயங்காதீர்கள்

கேபினட் வாங்க அக்காவையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முன்னால் இழுத்து வைத்தது பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஃபேன்கள் ஏழு நிறத்திலும் மின்னின.

"மேடம், ஆறு ஃபேன் கூடவே வருது. எல்லாமே ஆர்ஜிபி. ரிமோட் இருக்கு, கலர் மாத்திக்கலாம்."

"முன்னாடி முழுக்கக் கண்ணாடியா இருக்கே அண்ணே, காத்து எந்தப் பக்கமா உள்ள வரும்?"

"சைடுல கேப் இருக்கு மேடம்."

விரலை விட்டுப் பார்த்தேன். நுனிவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. முன்னால் மூன்று ஃபேன் இருந்தாலும் அந்தச் சந்து வழியாக வருவதுதான் காற்று. போதாத காற்றுக்காக ஃபேன்கள் வேகம் எடுக்கும். வேகம் எடுத்தும் சந்தின் அகலம் மாறப்போவதில்லை. "முன்பக்கம் மெஷ்ஷா இருக்கிறது காட்டுங்க, லைட் இல்லாட்டிப் பரவாயில்ல" என்றதும் அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் பரண்மேலிருந்து நாங்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். விலையும் கண்ணாடிப் பெட்டியைவிடக் குறைவு.

பார்க்க வேண்டியவை இவைதான். முன்பக்கம் முழுவதும் சன்னமான கம்பிவலையாக இருக்கட்டும். அதைக் கையால் கழற்றிக் கழுவ முடியவேண்டும். முன்னால் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு மாட்ட இடம் வேண்டும். எஸ்எம்பிஎஸ் அடியில் உட்கார்ந்து கீழிருந்து தனியாகக் காற்றை இழுக்கும்படி இருந்தால், பிராசஸர் விட்ட சூடு அதற்குப் போகாது. பிராசஸர் கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை இடம் உண்டு என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 வரை உயரம். கேபினட் 155 வரைதான் இடம் கொடுக்கிறதென்றால், 158 உயரக் கூலரை வாங்கி வந்துவிட்டுப் பக்கக் கதவை மூட முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

செம்புக் குழாய்க்குள் ஆவி

ரைசன் 7600 வாங்கும்போது கூடவே ஒரு குட்டிக் கூலர் இலவசமாக வரும். ஐந்தரை சென்டிமீட்டர் உயர அலுமினியம், மேலே சின்ன ஃபேன். வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். 88 வாட்டையும் அதுவே விரட்டவேண்டும் என்றால் கத்தும். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் நான்கு செம்புக் குழாய் வைத்த ஒற்றை டவர் கூலர் கிடைக்கிறது. அமைதிக்காகச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பிரயோஜனமான இரண்டாயிரம் எனக்குத் தெரியாது.

அந்தக் குழாய்கள் வெறும் செம்புக் கம்பி என்றே பலர் நினைக்கிறார்கள். உள்ளே காற்றை வெளியேற்றி, சொட்டுத் தண்ணீர் விட்டு அடைத்த குழாய்கள் அவை. காற்றழுத்தம் இல்லாததால் 100 டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் ஆவியாகிவிடும். பிராசஸரைத் தொடும் முனையில் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவி கிளம்புகிறது. தகடுகள் அடுக்கிய மறுமுனையில் சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி முட்டித் துளித்துளியாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீர் சொட்டுவதில்லை. குழாயின் உள்சுவரில் படிந்த சன்னமான செம்புத்தூள் அதை உறிஞ்சிச் சூடான முனைக்குத் திரும்பக் கொண்டுபோகிறது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். விண்கலங்களுக்காக உருவான உத்தி, இன்று நம் மேஜைக்கடியில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

கூலரை மாட்டும்போது கவனம் வேண்டிய இடம் தெர்மல் பேஸ்ட். பிராசஸரின் மூடியும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் நடுவே பொடிப்பொடியாகப் பள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பு சூட்டைக் கடத்தும் திறனில் காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு உசத்தி. காற்றுக்குப் பதில் பேஸ்ட் போய் அந்தப் பள்ளங்களை நிரப்பவேண்டும். பேஸ்ட் செம்பு அளவுக்குக் கடத்தாது என்பதால் தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்துவிட்டோமா என்று இன்னொரு தடவை பாருங்கள். "புதுக் கம்ப்யூட்டர், ஆன் பண்ணதும் 95 டிகிரி காட்டுது" என்று வரும் புகார்களில் அந்தக் கண்ணாடித்தாள்தான் முதல் சந்தேகம். பிறகு கூலரை நேராக இறக்கி, ஒரு திருகை நாலு சுற்று, எதிர்த் திருகை நாலு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுவதும் இறுக்கினால் கூலர் சாய்ந்து பேஸ்ட் ஒதுங்கிவிடும்.

வாட்டர் கூலிங் வேண்டாமா என்று மகன் கேட்டான். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பெரிய பிராசஸருக்கு அது நியாயம். 88 வாட்டுக்குத் தேவையில்லை. தண்ணீரும் கடைசியில் ரேடியேட்டரில் ஃபேன் காற்றிடம்தான் சூட்டைக் கொடுக்கவேண்டும். கூடுதலாக ஒரு பம்ப் சத்தம் வந்து சேரும். பம்ப் நின்றால் கம்ப்யூட்டரும் நிற்கும். டவர் கூலரில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் மட்டும், அதை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

ஊதுபத்தி சொல்லும் உண்மை

முன்னால் உள்ளே இழுக்க 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, பின்னால் வெளியே தள்ள 120 மில்லிமீட்டர் ஒன்று. அக்காவின் பெட்டியில் இவ்வளவுதான். கூலரின் ஃபேன் பின்பக்க ஃபேனைப் பார்த்து ஊதுகிறது. முன்னால் நுழையும் காற்று கிராபிக்ஸ் கார்டையும் கூலரையும் தடவிக்கொண்டு பின்னால் வெளியேறும். சூடான காற்று மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேன் தள்ளுகிற தள்ளலுக்கு முன் அந்த எழுச்சி ஒன்றுமில்லை. முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை வழி நேராக இருந்தால் போதும். எந்தப் பக்கம் ஊதும் என்று ஃபேனைப் பார்த்தே சொல்லலாம். மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரிகிற முதுகுப் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

வெளியேறுவதைவிட உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போது பெட்டியின் சந்துபொந்துகளில் காற்று வெளிப்பக்கமாகவே கசியும், தூசு பில்டர் வழியாக மட்டுமே வர முடியும். நம் ஊர்த் தூசுக்கு இது முக்கியம். கொசுவர்த்திப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கூலர் தகடுகளுக்கு நடுவே பஞ்சுபோல் அப்பிக்கொண்டால் துடைத்தாலும் போகாது.

மாட்டி முடித்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முன்பக்க மெஷ்ஷுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். புகை நேராக உள்ளே இழுபட வேண்டும். பக்கத்து இடுக்குகளில் காட்டினால் புகை விலகிப் போகவேண்டும். பின்பக்க ஃபேனுக்கு மேலே, கிராபிக்ஸ் கார்டின் பின்தகட்டுக்குப் பக்கத்தில் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினால் காற்று போகும் பாதை கண்ணுக்கே தெரியும். அக்கா வீட்டில் மேஜையோடு வந்த 'சிபியு வைக்கிற' மரத்தடுப்புக்குள் பெட்டியை வைத்து இதே சோதனையைச் செய்து காட்டினேன். பின்னால் வெளியேறிய காற்று மரப்பலகையில் முட்டி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து மறுபடி மெஷ்ஷுக்குள் நுழைந்தது. புகை போட்ட வட்டத்தைப் பார்த்ததும் அக்கா ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து தடுப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சூடு குறையும், சந்தேகமில்லை. கூடவே தூசும் பல்லியும் உள்ளே வரும், டேபிள் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும்.

பயாஸில் அரை மணி நேரம்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு இதை விட்டால் பாதிப் பலன்தான். எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்பதை மதர்போர்டின் பயாஸில் ஒரு கோடாக வரைந்து கொடுக்கலாம். நாலு பின் ஃபேன்கள் இதற்கு நன்றாகக் கீழ்ப்படியும். கம்பெனி போட்டுத் தரும் கோடு பயந்த கோடு. பிராசஸர் 50 டிகிரி தாண்டியதுமே ஃபேனை முடுக்கிவிடும்.

ரைசன் 7600-ன் கணக்குப் போடும் சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் வேலை குவிவதால், பிரௌசரில் ஒரு பக்கம் திறந்தாலே சூடு ஒரு நொடியில் 20 டிகிரி குதித்துவிட்டு உடனே இறங்கும். ஒவ்வொரு குதிப்புக்கும் ஃபேன் சீறினால் என்ன ஆகும்? அரைக்கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலரின் உலோகம் அந்த ஒரு நொடிச் சூட்டைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். அதனால் கோட்டை இப்படிப் போட்டேன்: 65 டிகிரி வரை 35 சதவீத வேகம், அசையவே கூடாது. 80-ல் 55 சதவீதம். 90-ல் முழு வேகம். அதோடு 'ஸ்டெப் அப்' அல்லது 'ஸ்மூத்திங்' என்ற பெயரில் இருக்கும் தாமதத்தைச் சில வினாடிகளுக்கு வைத்தேன். ஃபேன் இனி குதிப்புகளைக் கண்டுகொள்ளாது. சூடு நிலைத்து நின்றால்தான் அசையும்.

அடுத்தது ஈகோ மோட். பிராசஸரை 45 வாட் வகுப்புக்கு இறக்கினால், முழுப் பளுவிலும் 60 வாட்டை ஒட்டியே இழுக்கும். வீடியோ ரெண்டர் கொஞ்சம் நீளும்; குரல் பதிவிலோ எடிட்டிங்கிலோ வித்தியாசம் தெரியாது. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக எந்தச் சில்லும் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கும். பிறக்காத சூட்டை விரட்ட ஃபேன் வேண்டாம் என்பதால், செலவே இல்லாத கூலர் என்று இதைச் சொல்வேன். கிராபிக்ஸ் கார்டுக்கும் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டேன். சாதாரண வேலையில் அந்தக் கார்டின் ஃபேன்கள் சுற்றுவதே இல்லை. இப்போது வருகிற பல கார்டுகள் சூடு ஓரளவு ஏறும்வரை தாமாகவே ஃபேனை நிறுத்தி வைக்கின்றன.

80 டிகிரி என்றால் பயப்பட வேண்டுமா?

யூடியூபில் இதே கூலர் 65 டிகிரி காட்டுகிறது, நம்முடையது 80 காட்டுகிறதே என்று மகன் கவலைப்பட்டான். அந்தச் சோதனை நடந்த அறை 20, 22 டிகிரி. சென்னையில் ஏசி போடாத அறை மார்ச் மாதமே 32, கத்திரியில் 36. கூலர் எதுவாக இருந்தாலும் அறைச்சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதன் திறமையை அளக்கமுடியும். அறை 14 டிகிரி கூடினால் சில்லும் 14 டிகிரி கூடும். காற்றால் குளிரும் எந்தப் பெட்டியும் அறையைவிடக் குளிர்ந்துவிட முடியாது.

இந்த பிராசஸருக்கு மேல் எல்லை 95 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெடித்துவிடாது. 2022-ல் ரைசன் 7000 வரிசை வந்தபோது, முழுப் பளுவில் 95-ல் ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளதுதான் என்று ஏஎம்டி சொன்னது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100. ரெண்டர் ஓடும்போது 80 காட்டினால் எல்லைக்கு இன்னும் 15 டிகிரி இருக்கிறது. அதை 75 ஆக்க ஃபேனைக் கத்தவிடுவதால் சில்லுக்குச் சொல்லிக்கொள்ளும்படி நன்மை இல்லை, மைக்குக்கு மட்டும் நஷ்டம்.

அப்படியானால் ஃபேனே இல்லாமல் செய்யலாமே என்று அக்கா கேட்டார். கேட்டவர் அவர் மட்டுமல்ல. 1980-ல் ஆப்பிள் 3 கம்ப்யூட்டரை உருவாக்கியபோது ஃபேன் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக நின்றார். அலுமினிய உடலே சூட்டை வெளியேற்றிவிடும் என்பது திட்டம். நெருக்கி அடுக்கிய சில்லுகள் சாக்கெட்டில் தளர்ந்துபோயின. கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லும் நிலை வந்தது. நான் முதலில் சொன்ன கணக்கில், அந்த முதல் 22 லிட்டரை யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது. 800, 900 சுற்றில் ஓடும் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன்களே அதைக் கொண்டுவந்துவிடும் என்பதுதான் நமக்குச் சாதகம்.

சூட்டோடு சம்பந்தமில்லாத சத்தம்

ஃபேனை அடக்கிய பிறகுதான் மற்றவை கேட்கத் தொடங்கும். 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 தடவை அதிரும். தகடு அதை வாங்கிப் பெருக்கி 'ம்ம்' என்று இழுக்கும். அடியில் ரப்பர் வாஷர் போடலாம். முடிந்தால் வேலைக்கு எஸ்எஸ்டி மட்டும் வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை வெளியே, தேவைப்படும்போது மட்டும் செருகுங்கள். கேம் ஆடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தால் அது ஃபேன் அல்ல, மின்சுருள்கள் அதிர்வது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். எது கத்துகிறது என்று தெரியவில்லையா? பயாஸில் ஒவ்வொரு ஃபேனாக வேகத்தை இறக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று தேய்கிற ஒலி கேட்டால் பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் ஃபேனை மாற்றிவிடுங்கள்.

காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. தூரத்தை இரண்டு மடங்காக்கினால், திறந்தவெளிக் கணக்குப்படி சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். பெட்டி மைக்குக்கு முன்னால் இருக்கக் கூடாது. மைக்கின் முதுகுப் பக்கம், தரையில், எட்டி வைக்கும் அளவுக்கு ஒரு நீளமான எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் போதும்.

இவ்வளவுக்கும் பணம் செலவழிக்கும் வரிசை இதுதான்: முதலில் மெஷ் கேபினட், அடுத்து டவர் கூலர், அதன் பிறகு பெரிய ஃபேன்கள். பயாஸ் கோடும் ஈகோ மோடும் இலவசம். விளக்குகளுக்கு மிச்சமிருந்தால் பாருங்கள்.

பராமரிப்பு வருடத்துக்கு இரண்டு தடவை. கத்திரி தொடங்குவதற்கு முன் ஒன்று, ஆயுதபூஜைக்கு ஒன்று. மெஷ்ஷைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கூலர் தகடுகளைப் புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; விட்டால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங்கைக் கெடுக்கும். ஆயுதபூஜையன்று பொட்டு வைப்பதானால் பக்கத்துத் தகட்டில் வையுங்கள். அக்கா போன வருடம் சந்தனத்தைக் குழைத்து முன்பக்க மெஷ்ஷின் நடுவில் வைக்கப் போனார். "அது காத்து வர்ற வாசல் அக்கா, அடைச்சிடாதீங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.